கூடையைக் கவிழ்த்துப் பார்ப்பவள்

நாகல் நகரில் தள்ளுவண்டியில் கொய்யாப்பழம் விற்கும் அல்போன்சா, ஆயக்குடிச் சந்தையில் எந்தக் கூடையையும் கவிழ்த்துப் பார்க்காமல் வாங்கியதே இல்லை. மேலே மினுமினுவென்று நாலு பழம், அடியில் அடிபட்டதும் அழுகலும். இருபத்திரண்டு வருடத்தில் அவள் பார்க்காத கூடையா? அவள் தலை தெரிந்ததுமே, "அக்கா வந்துட்டாங்க, சாக்க விரிச்சுக் கொட்டிக் காட்டீருங்க" என்று வியாபாரிகள் கேலி செய்வார்கள். அதை அவள் பாராட்டாகவே எடுத்துக்கொள்வாள்.

அப்படிப்பட்டவள் ஒரு நாய்க்குட்டி விஷயத்தில் ஏமாந்தாள் என்றால் யார் நம்புவார்கள்? அவள் புருஷன் ஜெரோம் தனியார் பஸ் ஓட்டியவர். பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விளங்காமல் போனதிலிருந்து வீட்டோடு கிடக்கிறார். பகல் முழுக்கப் பேச ஆளில்லை. தை மாதத்தில் ஒருநாள் பஸ் ஸ்டாண்டு அருகே அட்டைப்பெட்டியில் குட்டி விற்றுக்கொண்டிருந்தான் ஒருவன். கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டிய ஒரு குட்டி அல்போன்சாவின் விரலை நக்கியது. அவ்வளவுதான், அத்தனை வருடச் சாமர்த்தியமும் பறந்துபோனது. தாய் எங்கே என்று கேட்கவில்லை, ஊசி போட்டாயா என்றும் கேட்கவில்லை.

நாலாம் நாள் குட்டி ரத்தமாய்ப் பேதியாகி ஜெரோமின் மடியிலேயே செத்தது. பார்வோ, நாய்க்குட்டிகளைக் கொல்லும் தொற்றுநோய் என்றார் கால்நடை டாக்டர். ஜெரோம் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், "இன்னொண்ணு இப்பிடி என் மடியில செத்துச்சுன்னா நான் தாங்க மாட்டேன் அல்போன்சா" என்றார். ஆனால் குட்டிக்குப் பால் வைத்த பிளாஸ்டிக் கிண்ணத்தை மட்டும் அவர் எடுக்க விடவில்லை. மனிதருக்கு இன்னும் குட்டி வேண்டும், வாய்தான் சொல்லவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது.

சித்தையன்கோட்டை தங்கமுத்துவின் பெயரைச் சொன்னது அந்த டாக்டர்தான். தென்னந்தோப்புக்காரர். அவருடைய நாட்டு நாய் ஈன்றால், ஆளை நன்றாக விசாரித்துத்தான் குட்டி கொடுப்பாராம். டாக்டருக்கு இதில் கமிஷன் எவ்வளவோ என்று நினைத்துக்கொண்டே, ஒரு மாதம் கழித்து அல்போன்சா பஸ் ஏறினாள். பழக்கூடையில் ஒரு பழைய துண்டைச் சுருட்டி வைத்திருந்தாள். ஏமாந்த கதையை மட்டும் மூச்சுவிடக் கூடாது என்று முடிவு செய்திருந்தாள். ஒரு தடவை ஏமாந்தவள் என்று தெரிந்தால் விற்கிறவன் அழுகலைத்தான் தலையில் கட்டுவான். சந்தையில் அவள் படித்த படிப்பு அது.

தோப்பு வாசலிலேயே தங்கமுத்து செருப்பைக் கழற்றச் சொன்னார். கூடையை ஓரமாய் வைத்துவிட்டு, கை காலைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். கொட்டகையில் பினாயில் வாசம் தூக்கியது. எதை மறைக்க இத்தனை கழுவல் என்று அவளுக்கு முதல் சந்தேகம் வந்தது.

"தாயக் காட்டுங்க தம்பி."

தாய் நாய் வந்தது, பின்னாலேயே ஐந்து குட்டிகள். அதுதான் தாயா என்று தெரிய, குட்டிகள் பால் குடிக்கும்வரை அசையாமல் நின்றாள். ஊசிப் புத்தகத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். ஒரு குட்டியின் வாயைத் திறந்து பார்த்தாள், வாலைத் தூக்கிப் பார்த்தாள், காதருகே கை தட்டினாள். அவள் கேட்டதையெல்லாம் தங்கமுத்து காட்டினார். அந்தப் பொறுமையும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

பிறகு அவர் ஆரம்பித்தார். பகலில் வீட்டில் யார்? வெளியூர் போனால் யார் சோறு வைப்பார்கள்?

"எங்க வீட்டுக்காரரு மடியிலயேதான் வச்சிருப்பாரு. நான் என்ன உங்க வீட்டுல பொண்ணா கேட்டு வந்திருக்கேன்?" என்று சீறினாள்.

"கடைசியா ஒண்ணு கேட்டுக்கறேங்க்கா. சமீபத்துல உங்க வீட்டுல நாய் ஏதும் செத்துச்சா?"

"நாங்க நாயே வளத்ததில்ல" என்றாள், கண் இமைக்காமல்.

முன்னங்கால் விரல் ஒன்று மட்டும் வெள்ளையாயிருந்த செவலைக் குட்டியை அவள் தூக்கிக்கொண்டு கூடைப் பக்கம் நடந்தாள். தங்கமுத்து முந்திப்போய்க் கூடையை எடுத்து, ஒரு சாக்கின் மேல் கவிழ்த்தார். செத்த குட்டி படுத்திருந்த அந்தத் துண்டு விழுந்து பிரிந்தது. உள்ளிருந்து ஒரு சிவப்பு ரிப்பன் உருண்டது.

பேத்தியுடையது என்று ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. கையில் குட்டி சுகமாய் முனகிக்கொண்டிருந்தது. அவளால் சொல்ல முடியவில்லை.

"எதுல செத்துச்சுக்கா?"

"பார்வோ."

தங்கமுத்து குட்டியை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். "துண்டுல, தரையில, கிண்ணத்துல எல்லாம் மாசக்கணக்குல உசுரோட இருக்குமே அது! இதுக்கு ஒரு ஊசிதான் போட்டிருக்கு. கொண்டு போயிருந்தீங்கன்னா ஒரு வாரம் தாங்காது. உங்க வீட்டுக்காரரு மடியிலயேதான் போயிருக்கும்."

அல்போன்சா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவள், தன் கூடைக்கு அடியில் சாவைச் சுமந்து வந்திருந்தாள். "நானே கொன்னுருப்பேனே" என்று வாய்விட்டு அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப குட்டி கெடையாதா தம்பி?" என்றாள்.

"கெடையாதுன்னு யாரு சொன்னா? பாக்கி ஊசியெல்லாம் போட்டு முடியட்டும். அது வரைக்கும் இங்கன இருக்கும். நீங்க இந்தக் கூடையையும் துண்டையும் எரிச்சிட்டு, வீட்ட பிளீச்சிங் பவுடர் போட்டு நல்லாக் கழுவுங்க."

அவர் முன்பணம்கூடக் கேட்கவில்லை. முன்பணம் கேட்காதவனை எப்படி நம்புவது? குட்டியை மாற்றிக் கொடுத்துவிட்டால்? கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த வெள்ளை விரலைப் போனில் நாலு பக்கமும் படம் பிடித்த பிறகே கிளம்பினாள். தங்கமுத்து சிரித்துக்கொண்டே குட்டியின் காலைத் தூக்கிக் காட்டினார்.

வீட்டில் ஒன்றையும் ஒளிக்காமல் ஜெரோமிடம் சொன்னாள்.  அவர் வலது கையால் அந்தப் பிளாஸ்டிக் கிண்ணத்தை எடுத்து நீட்டினார்.

"இந்தா. இதையும் சேத்து எரிச்சிரு."

சித்திரை முடியும்போது, புதிதாய் வாங்கிய கூடையோடு அல்போன்சா மறுபடி தோப்புக்குப் போனாள். குட்டி மளமளவென்று வளர்ந்திருந்தது. போனை எடுத்து விரலோடு விரலை ஒத்துப் பார்த்தாள், அதே குட்டிதான். தங்கமுத்து வாயைத் திறக்குமுன், தானே சாக்கை விரித்துத் தன் கூடையை அதன்மேல் கவிழ்த்தாள்.

"பாத்துக்கங்க தம்பி."

தங்கமுத்து குனிந்து பார்த்தார். கூடையின் அடியையும் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் குட்டியை உள்ளே வைத்தார்.