சாம்பல் சிலாப்பும் சுகந்தி ரீச்சரின் தேங்காயும்

கொங்கிரீட் விற்கிறவனை ஒருவரும் புது வீட்டுக் குடிபூரலுக்குக் கூப்பிடுவதில்லை. சுவரில் வெடிப்பு விழுந்தால் மட்டும் விடியமுன்னமே போன் வரும். என்னைப் போலச் சாமானும் விற்று, விளக்கமும் சொல்லி, பேச்சும் வாங்கிக்கொண்டு திரிகிற சகோதரங்களே, உங்களுக்கு இது விளங்கும். அதிலும் எனக்கு வாய்த்த வேலை விசேஷமானது. சீமெந்தில் ஒரு பங்கைக் குறைத்து, அதற்குப் பதிலாக நிலக்கரிச் சாம்பல் கலந்த கொங்கிரீட்டைக் கொழும்பு முழுக்க விற்க வேண்டும். சாம்பல் என்ற சொல்லைக் கேட்டதும் சனத்தின் முகம் போகிற போக்கை நீங்கள் பார்க்க வேண்டுமே!

கொச்சிக்கடை ஹாஜியார்

கொச்சிக்கடையில் மிளகு, கறுவா அடுக்குகிற ஸ்டோர் ஒன்றுக்குப் புதுக் கொங்கிரீட் நிலம் போட வேண்டும் என்று ஒரு ஹாஜியார் கூப்பிட்டார். தங்கமான மனிதர். இஞ்சி போட்ட பிளேன்ரீ தந்தார், என் விளக்கத்தையும் பொறுமையாகக் கேட்டார். அனல் மின்நிலையத்தில் நிலக்கரி எரிந்து வருகிற இந்தச் சாம்பல் மாவைவிட மெல்லிசு, சீமெந்தும் தண்ணீரும் சேரும்போது மிஞ்சுகிற சுண்ணாம்பைப் பிடித்துத் தானும் பசையாகிவிடும், உள்ளே இருக்கிற சின்னச் சின்ன ஓட்டைகளையெல்லாம் அடைத்துவிடும் என்று மூச்சு விடாமல் சொன்னேன். சொல்லி முடிய, கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவர் சொன்னார்:

"அதெல்லாம் சரி மகன், எங்கட ஊட்டுல மீன் சட்டி தேய்க்க வெச்சிருக்கிற சாம்பல நான் சும்மாவே தாறேன், நீங்க சீமெந்த மட்டும் ஒழுங்காப் போட்டுத் தாங்களேன்!"

புத்தகத்தில் சரி

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் சுகந்தி ரீச்சர் ரியூசன் வகுப்பு நடத்துகிறார். பாடம் இரசாயனம். சாம்பலைப் பற்றிக் கதைக்க இதைவிட நல்ல ஆள் கிடைக்குமா? துள்ளிக்கொண்டு போனேன். உப்புக்காற்றில் கம்பி கறள் பிடித்து, ஒருநாள் காலமை அவருடைய வகுப்பறைக் கூரையிலிருந்து பெரிய துண்டு ஒன்று பிள்ளைகள் இருக்கிற முன்வரிசை வாங்கில் விழுந்திருந்தது. பிள்ளைகள் வரமுன் விழுந்தபடியால் தப்பினார்கள். ரீச்சர் அன்றைக்கே அறையைப் பூட்டி, வகுப்பைக் கார் விடுகிற தகரக் கொட்டிலுக்கு மாற்றிவிட்டு, பழைய கூரைச் சிலாப்பை உடைத்துப் புதிதாகப் போடத் தீர்மானித்தார். "பிள்ளையளின்ரை தலைக்கு மேலை இருக்கிற சாமான் தம்பி, நான் லேசிலை ஒண்டையும் நம்பமாட்டன்" என்றுதான் கதையையே தொடங்கினார்.

உப்பை உள்ளே விடாமல் தடுக்கத்தான் இந்தச் சாம்பல், கடற்கரைக் கட்டிடத்துக்கு அச்சாக் கலவை என்றேன். ரீச்சர் வெண்கட்டியை எடுத்து முழு இரசாயனத் தாக்கத்தையும் கரும்பலகையில் எழுதிக் காட்டினார். நான் சொன்னதைவிட அவர் எழுதியது தெளிவு. ஓடர் கிடைத்த மாதிரித்தான் என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ரீச்சர் கையில் ஒட்டிய தூளைத் தட்டிவிட்டுச் சொன்னார்:

"புத்தகத்திலை எல்லாம் சரி தம்பி, முழுப் புள்ளியும் போடுவன், ஆனா என்ரை கூரையிலை வேண்டாம்."

கொண்டை ஊசி

நானும் விடவில்லை. போய்ப் போய்க் கதைத்ததில் ரீச்சர் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். சோதனைக் கட்டியைத் தன் கண் முன்னால் உடைத்துக் காட்ட வேண்டும். அது பெயில் என்றால் முழுச் சிலாப்பையும் எங்கள் செலவில் உடைத்து அள்ள வேண்டும். எங்கள் மனேஜர் சம்மதித்தார். "உடைக்க நேர்ந்தால் சுத்தியலோடு முதலில் ஏறுகிறது நீதான்" என்று என் முதுகில் தட்டியும் அனுப்பினார்.

கொங்கிரீட் போட்ட அன்று லொறியில் வந்த கலவையில் கொஞ்சம் எடுத்து, இரும்பு அச்சுகளில் சதுரக் கட்டிகளாக நிரப்பினோம். இவற்றைத்தான் பிறகு இயந்திரத்தில் வைத்து நசுக்கிப் பலம் பார்ப்பார்கள். ரீச்சர் பக்கத்தில் குந்தி, கொண்டையிலிருந்து ஊசியை உருவி, ஈரக் கட்டி ஒவ்வொன்றின் மேலும் தன் கையெழுத்தைக் கீறினார். இது ஏன் ரீச்சர் என்று கேட்டேன். ஊசியைத் துடைத்துத் திரும்பவும் கொண்டையில் குத்திக்கொண்டு சொன்னார்:

"எத்தினை வருசமாச் சோதனை மண்டபத்திலை நிண்டனான் தம்பி, விடைத்தாள் மாறுற விதமெல்லாம் எனக்குத் தெரியும்."

தேங்காய்

சாம்பல் கலந்தது மெல்ல ஆறுதலாகத்தான் இறுகும். ரீச்சருக்கும் மேசன் சுனில் பாஸுக்கும் இதைப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். ஆனால் கோயில் ஐயர், புதுச் சிலாப்பில் தேங்காய் அடிக்கக் கொங்கிரீட் போட்ட அன்று பின்னேரமே நல்ல நேரம் என்று குறித்துக் கொடுத்துவிட்டார். சாதாரண சிலாப் என்றால் அந்த நேரத்துக்கு மேலே ஏறி நடக்கலாம். அன்றைக்கு மழை மூட்டம் வேறு. நான் ஓடிப்போய்த் தடுக்கிறதுக்குள் ரீச்சர் சிலாப்பின் ஓரத்துப் பலகையில் ஏறி நின்று, பிள்ளையாரைக் கூப்பிட்டு, இரண்டு கையாலும் தேங்காயை ஓங்கி அடித்தார்.

'பொதக்' என்று ஒரு சத்தம். தேங்காய் உடையவில்லை. பாதி உள்ளே, பாதி வெளியே, குடுமி வானத்தைப் பார்க்க அப்படியே புதைந்து நின்றது. ரீச்சரின் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. சுனில் பாஸ் மட்டும் குனிந்து தேங்காயைப் பிடுங்கி, உடுத்திருந்த சாரத்தில் துடைத்து, காதடியில் குலுக்கிப் பார்த்தார்:

"மிஸ், தேங்காக்கி ஒண்ணும் ஆகல்ல, நல்ல தண்ணி இருக்கி, கறிக்கி எடுங்க."

முதலாம் தவணை

பள்ளத்தைப் பாஸ் கையோடு நிரப்பி மட்டமாக்கிவிட்டார். மறுநாள் காலமை சிலாப் கல்லாக இருந்தது. ரீச்சரின் மனதில் விழுந்த பள்ளம்தான் நிரம்பவில்லை. ஏழாம் நாள் முதல் கட்டியை உடைத்தபோது, நான் பயந்தபடியே பலம் குறைவாகத்தான் காட்டியது. சாம்பல் வேலை தொடங்கப் பிந்தும், இருபத்தெட்டாம் நாள் பாருங்கோ, அதுவரைக்கும் சிலாப்பைத் தாங்குகிற முட்டுகளைக் கழற்றாமல் வைத்திருப்போம் என்று ரீச்சரிடம் கெஞ்சினேன். தகரக் கொட்டிலில் பிள்ளைகள் வெக்கையில் அவிந்துகொண்டிருந்தார்கள், அவர்களின் பரீட்சையும் கிட்டிக்கொண்டிருந்தது. ரீச்சர் சொன்னார்:

"முதலாம் தவணையிலை இந்தப் புள்ளி எடுத்தா, நான் தாய் தேப்பனைக் கூப்பிட்டுக் கதைக்கிறனான் தம்பி."

இருபத்தெட்டாம் நாள்

அன்று விடிய எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ரீச்சர் கண்ணாடியைப் போட்டு, கட்டியில் தன் கையெழுத்தைத் தடவிப் பார்த்த பிறகுதான் இயந்திரத்தில் வைக்க விட்டார். பலம் காட்டுகிற இயந்திர ஊசி ஏறத் தொடங்கியது. தேவையான கோட்டுக்குக் கிட்ட வந்தது. நான் ஹெந்தளையில் கும்பிடுகிற மாதாவிலிருந்து ரீச்சரின் பிள்ளையார் வரைக்கும் ஒருவரையும் விடாமல் கூப்பிட்டேன். ஊசி கோட்டைத் தாண்டியது. தாண்டி இன்னும் ஏறியது! பிறகுதான் 'டமார்' என்று கட்டி வெடித்தது. எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது, கத்தியும் விட்டேன். ரீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் கையெழுத்து இருந்த துண்டைத் தேடி எடுத்து ஹாண்ட்பேக்கில் வைத்தார்:

"பிந்திப் பிடிக்கிற பிள்ளையள் இப்பிடித்தான் தம்பி, வீட்டுக்காரர்தான் கிடந்து அவசரப்படுறது."

திரும்பவும் தேங்காய்

புது வகுப்பறை திறக்கிற நாளுக்கு ரீச்சர் என்னைக் கூப்பிட்டார். வெடிப்பு ஒன்றும் இல்லை, சும்மாதான் கூப்பிட்டார்! கீழே பிள்ளைகள் புது வாங்குகளுக்குச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். மேலே, பழைய பள்ளம் இருந்த அதே இடத்தில் என்னை நிறுத்தி, தேங்காயை என் கையில் தந்தார். கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன். தேங்காய் சுக்குநூறு. தண்ணீர் என் சேர்ட்டெல்லாம் தெறித்தது, ஒரு சிரட்டை பறந்து போய்ப் பக்கத்து வீட்டு பல்கனியில் விழுந்தது. ரீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். சுனில் பாஸ் நாலு பக்கமும் பார்த்துத் தலையை ஆட்டினார்:

"இந்தத் தேங்கா கறிக்கி ஒதவாது மிஸ்."

அன்றிலிருந்து சாம்பல் கொங்கிரீட் வாங்குகிற எவருக்கும், தேங்காய் அடிக்கிற நல்ல நேரத்தை மட்டும் ஐயரிடம் விடாமல் நானே குறித்துக் கொடுக்கிறேன்.