மேல்பல் முதலில் வந்த குழந்தை

சுங்கை வேயில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் நேற்று குளிர்பெட்டியிலிருந்து ஒரு ரப்பர் வளையத்தை எடுத்துத் தன் குழந்தையிடம் கொடுத்தாள். "பல்லு வருது அங்கிள். ஜில்லுன்னு கடிச்சா வலி தெரியாதுலா" என்றாள். குழந்தையின் சட்டை முழுக்க எச்சில். அந்தப் புளித்த பால் வாடை என்னை ஐம்பதுகளின் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸுக்குக் கொண்டுபோய்விட்டது.

அப்போது நான் ரயில்வே ஆபீஸில் கிராணி, அதாவது குமாஸ்தா. சாப்பாடு, படுக்கை எல்லாம் அக்கா வீட்டில்தான். அக்கா மகள் பவளத்துக்கு ஏழு மாதம். ஈறு தடித்துச் சிவந்து, தாய்ப்பாலைக்கூடப் பாதியில் விட்டுவிட்டு அழுவாள். எங்களுக்கு ஏது குளிர்பெட்டி? கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, பானைத் தண்ணீரில் நனைத்து, விரல் முட்டியை அவள் ஈறின் மேல் மெல்ல அழுத்துவேன். கடித்துக்கொண்டே தூங்கிப்போவாள். வேறு யார் விரலையும் ஏற்க மாட்டாள். எனக்கு அதில் பெரிய கர்வம். ஆபீஸில் என்னை யாரும் அவ்வளவு விரும்பியதில்லை.

ஒரு நாள் விரலில் ஏதோ சுரண்டியது. அடுத்த வீட்டு அம்மாள் குழந்தையின் வாயைத் திறந்து பார்த்தாள். "ஐயையோ, மேல்பல்லு! தாய்மாமனுக்கு ஆகாதே. கீழ்ப்பல்லு வர்ற வரைக்கும் தம்பியத் தள்ளி இருக்கச் சொல்லு."

"எந்த டாக்டர் சொன்னாரு?" என்று சிரித்தேன். சில குழந்தைகளுக்கு அப்படித்தான் முளைக்கும் என்று பிரசங்கம் வேறு செய்தேன்.

மூன்றாம் நாள் சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டு பிசகியது. மழையில் எல்லோரும் விழுகிற வளைவுதான் அது. ஆனாலும் அன்று மாலை பவளம் என்னிடம் தாவியபோது நகர்ந்துகொண்டேன். கை வலிக்கிறது என்றேன். பிசகியது இடது கை. அவள் கடிப்பது வலது கை.

மறு வாரமே நானாகக் கேட்டு கிள்ளான் ஸ்டேஷனுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டேன். மேலே இருப்பவர்கள் அனுப்புகிறார்கள் என்று வீட்டில் பொய் சொன்னேன்.

அத்தான் ஒருநாள் கிள்ளானுக்கே வந்தார். "மாப்ள, புள்ள சரியா பால் குடிக்கல. வாசலையே பாக்குது. ஒரு எட்டு வந்துட்டுப் போய்யா."

"வேலை இருக்கு அத்தான்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இங்கிலீஷ் படிச்ச மாமன், அரிசி மாதிரி ஒரு பல்லுக்குப் பயந்துட்டான்!"

ரயில்வே பாஸ் சட்டைப்பையிலேயே இருந்தது. பயணம் ஒரு மணி நேரம்கூட இல்லை. நான் போகவில்லை.

போனது நான்கு மாதம் கழித்து, கீழ்ப்பல்லும் வந்துவிட்டது என்று தெரிந்த பிறகு. பவளம் என்னைக் கண்டதும் அக்காவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அக்கா திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் என் கையைப் பிடித்து மேலும் கீழும் பார்த்தாள். "உனக்கு ஒண்ணும் ஆகலியே தம்பி? தினம் கோயிலுக்குப் போயி வேண்டிக்கிட்டேன்டா."

அந்தக் குவாட்டர்ஸ் வரிசையை இடித்து உயரமான கட்டடங்கள் கட்டிவிட்டார்கள். அத்தான் போனார், அக்காவும் போனாள். செராஸில் பேரன் பேத்திகளோடு இருந்த பவளமும் போன வருடம் போய்விட்டாள். அத்தானின் தம்பியை "வா சித்தப்பா" என்று உரிமையோடு அழைத்தவள், என்னைக் கடைசிவரை "வாங்க" என்றுதான் சொன்னாள். எனக்குத் தொண்ணூறு நெருங்குகிறது. இன்றுவரை எனக்கு ஒன்றும் ஆகவில்லை.