ஹாலிஸின் மூன்று பொய்மீன்கள்

கழுத்தில் கொடி சுற்றி, நீலம் பாரித்துப் பிறந்தும் மூச்சை வென்றான். பன்னிரண்டு வயதில் பருத்தி வண்டி கவிழ்ந்து இடுப்பு ஒடிந்தும் நடையை வென்றான். காலுறை ஆலையில் மூன்று முறை ஆட்குறைப்பு வந்தபோதும் எண்ணெய்க் குவளையோடு இயந்திரங்களுக்கு நடுவே நின்று வேலையை வென்றான். சிரிக்கத் தெரியாத அந்த முகத்தை வைத்துக்கொண்டு லொரெட்டாவை வென்றான்; பதினோரு வருஷம் இருந்தாள், அதற்குமேல் அவளால் முடியவில்லை. குண்டர்ஸ்வில் ஏரியில், பளபளக்கும் படகுகளில் வந்தவர்களை ஒரு சொட்டை விழுந்த அலுமினியப் படகில் உட்கார்ந்தபடி தோற்கடித்து, இலையுதிர்காலக் கோப்பையை இரண்டு முறை வென்றான். வெர்லீன் இந்தப் பட்டியலை யாரிடமும் சொன்னதில்லை. தம்பி ஹாலிஸ் பிக்கப் வண்டியின் பின்கதவைத் தாழ்த்தி, அதன்மேல் தூண்டிலில் கட்டும் பொய்மீன்களைப் பரப்பும் சாயங்காலங்களில் தனக்குள் ஒரு முறை ஓட்டிப் பார்த்துக்கொள்வாள். அவள் முடிப்பதற்குள் அவன் பாதியைத் திரும்பப் பெட்டிக்குள் போட்டிருப்பான்.

ஹாலிஸ் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. கழித்துக்கொண்டே வருவான். மற்றவர்கள் அக்டோபர் வந்தால் வீட்டிலிருக்கும் பெட்டிகளையெல்லாம் படகில் ஏற்றுவார்கள். கோடையில் பாஸ் மீன் எங்கே கிடக்கும் என்று சொல்லிவிடலாம், கடுங்குளிரிலும் சொல்லிவிடலாம். இலை நிறம் மாறுகிற இந்த ஒன்றரை மாதத்தில் அது எங்கும் இருக்கும், எங்கும் இருக்காது. அதனால் ஆளாளுக்கு முப்பது நாற்பது பொய்மீன்கள், மரத்தில், ரப்பரில், தகட்டில். ஹாலிஸ் மூன்று மிஞ்சும்வரை கழிப்பான். ஒவ்வொன்றையும் எடுத்து, உள்ளங்கையில் வைத்துக் கொஞ்சம் ஆட்டி, ஒரு பெருமூச்சு விட்டுப் பெட்டியில் போடுவான். பழைய துணிகளுக்கு நடுவே உட்கார்ந்து எதைத் தானம் செய்வது என்று பார்க்கிறவளின் அலுப்பு அவன் முகத்தில் இருக்கும்.

"இந்த மாசம் மீனுக்கே எங்க போறோம்னு தெரியாதுக்கா. எனக்கு எங்கேர்ந்து தெரியும்?"

"தெரியாதுன்னா பத்து எடுத்துட்டுப் போயேன்டா."

"பத்து எடுத்தா பத்தையும் மாத்தி மாத்திக் கட்டிக்கிட்டே பொழுது போயிரும். லமார் அப்படித்தான். அவன் படகுல மீன் பிடிக்கிறதை விட முடிச்சுப் போடுறதுதான் ஜாஸ்தி."

மிஞ்சியவற்றை வெர்லீன் வரிசைப்படுத்துவாள், முட்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்க. ஆலையில் முப்பத்தாறு வருஷமாகக் காலுறைகளை ஜோடி சேர்க்கிறவள். விரல்நுனித் தையல் அரை நூல் பிசகினாலும் கண்ணில் படும். எட்டாம் வகுப்போடு பள்ளி முடிந்தது. கண் மட்டும் முடியவில்லை.

பொய்மீன்களுக்கு அவன் வைத்திருக்கும் பெயர்கள் வேறு யாருக்கும் புரியாது. தகடு தடதடவென்று அடித்துக்கொண்டு வருவது மேவிஸ் அத்தை. "வாயை மூடவே மாட்டா. ஆனா அவ போற இடத்துல எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க." ஈயத்தலையும் ரப்பர்ப் பாவாடையுமாக அடியில் போய்க் கிடப்பது பாஸ்டர். "உக்காந்தாருன்னா எந்திரிக்க மாட்டாரு." செத்த புல் மிதக்கும் இடங்களில் துள்ளவிடும் ரப்பர்த் தவளை, லொரெட்டா. அதற்கு விளக்கம் கேட்டவர்களுக்கு அவன் சொன்னதில்லை. சுண்டுவிரல் நீளத்தில் வெள்ளையாக இருக்கும் ஒன்று, பொடிசு.

மற்றவர்கள் அட்டையில் அச்சடித்த பெயரைச் சொல்லிக் கடையில் வாங்குவார்கள். ஹாலிஸ் கொக்கியில் தொங்குவதை விரலால் காட்டுவான். அந்த அட்டையில் இருப்பது அவனுக்குப் படிக்க வராது. எந்த அட்டையிலும் வராது. அவன் பள்ளியில் இருந்த ஆறு வருஷமும் டீச்சர் அவனைக் கரும்பலகைத் துடைப்பான்களைத் தட்டிவிட்டு வரச் சொல்லி வெளியே அனுப்பினாள். துடைப்பான் தட்டுவதில் அவனுக்கு நிகர் இல்லை. வங்கியில் கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி ஒன்று போடுவான். அங்கே கூண்டுக்குப் பின்னால் இருப்பவளுக்கு விஷயம் தெரியும், தலையை நிமிர்த்தாமல் வாங்கிக்கொள்வாள். படகுத்துறையில் அது யாருக்கும் தெரியாது. டாய்லுக்கு மட்டும் தெரியும்.

டாய்ல்தான் இருபது வருஷமாக அவனுக்கு ஜோடி. ஏரிப் போட்டிகளில் இருவர் இருவராகத்தான் போக வேண்டும். படகு யாருடையதோ அவர் தலைவர். கரைக்கு வந்ததும் எடைச்சீட்டில் தலைவர் தன் கையால் கையெழுத்துப் போட வேண்டும், அதற்குப் பிறகுதான் மீன் தராசுக்குப் போகும். படகு டாய்லுடையது. டாய்ல் கையெழுத்திட்டான், ஹாலிஸ் மீன் பையைப் பிடித்துக்கொண்டு நின்றான். போன குளிர்காலத்தில் டாய்லின் முழங்கால்கள் இரண்டும் கைவிட்டன. படகை ஹாலிஸுக்குக் கொடுத்துவிட்டு டெக்ஸஸில் மகள் வீட்டோடு போய்ச் சேர்ந்தான். பின் இருக்கைக்கு வெர்லீன் வந்தாள். முன் இருக்கைக்கும் எடைச்சீட்டுக்கும் ஹாலிஸ் வந்தான்.

மே மாதப் போட்டியில், துறைக்கு வரும் வளைவில் அவன் மோட்டாரை அணைத்தான். மீன்தொட்டியின் மூடியைத் தூக்கினான். நல்ல மீன்கள், ஐந்தும். ஒவ்வொன்றாகக் கீழ்த்தாடையைப் பிடித்து எடுத்து ஏரியில் விட்டான். கரைக்கு வந்து, "ஒண்ணும் மாட்டல" என்றான். ஜூனிலும் அதேதான். மீன் பிடிக்கிறவன் எவனும் மாட்டிய மீனைக் கூட்டிச் சொல்வான், குறைத்துச் சொல்லமாட்டான் என்பதால் எல்லோரும் நம்பினார்கள்.

அதில் வெர்லீனுக்குப் பொறுக்காதது ஒன்று உண்டு. துறைக்குள் வரும்போது எல்லோரும் தூண்டில் நரம்பில் தொங்குவதை அறுத்து மறைத்துவிடுவார்கள். எதில் மீன் அடித்தது என்று அடுத்தவன் பார்த்துவிடக் கூடாது. நூறு கோலிலும் வெறும் நரம்பு ஆடும். ஹாலிஸ் மட்டும் அறுப்பதை விட்டுவிட்டான். பொய்மீன் அப்படியே தொங்கும். ஒன்றும் மாட்டாதவனின் பொய்மீனை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"என்ன ஹாலிஸ், டாய்லு போகும்போது உன் மூளையையும் டெக்ஸஸுக்கு எடுத்துட்டுப் போயிட்டானா?" என்று லமார் கேட்டான். கெட்டவன் இல்லை. புதுப் படகு, புதுத் தொப்பி, வாய் மட்டும் பழசு.

"ஆமாம்பா. பார்சல்ல வரும்" என்றான் ஹாலிஸ்.

ஆகஸ்டில் ஒரு நாள் சாப்பாட்டுக்குப் பிறகு, காலுறைகளுக்குள் வைக்கிற அட்டை ஒன்றை அவள் பக்கம் தள்ளி, "என் பேரை எழுதிக் காட்டு" என்றான். அவ்வளவுதான் பேச்சு. அவள் எழுதினாள், அவன் பார்த்து வரைந்தான். பெருமூச்சுக்குக் குறைவில்லை. செப்டம்பர் முடிவதற்குள் பார்க்காமலே எழுத வந்தது. ஆனால் அடுக்களை மேசையில், தட்டுகளுக்கு நடுவே, அக்காவுக்கு முன்னால் எழுதுவது கையெழுத்து ஆகாது என்று இருவருக்கும் தெரியும். "ஆளுங்க பாத்துக்கிட்டு நின்னா கை வராது" என்றான். அட்டையை அடுப்பில் போட்டான்.

அக்டோபர் போட்டிக்கு இரண்டு நாள் முன்பு வடக்கிலிருந்து குளிர்காற்று வந்தது. அன்று சாயங்காலம் முழுக்க இடி, மறுநாள் துடைத்துவிட்ட மாதிரி நீல வானம். இந்த வானத்தைப் பார்த்து ஊர்க்காரர்கள் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள், மீன் பிடிக்கிறவன் மட்டும் திட்டுவான், இந்த வானத்தில் மீன் வாய் திறக்காது. பின்கதவில் கடைசியாக மிஞ்சியவை லொரெட்டா, பாஸ்டர், பொடிசு.

சனிக்கிழமை விடிந்ததும் அவன் தவளையைக் கட்டினான். ஏரியில் பாதிப் பேர் தவளையைத்தான் கட்டியிருந்தார்கள், ஏனென்றால் போன சனிக்கிழமை புல்மேட்டில் தவளைக்குத்தான் மீன் எகிறியது. போன வாரம் ஜெயித்ததை இந்த வாரமும் கட்டுவது இந்த ஏரிக்காரர்களின் தொன்றுதொட்ட முட்டாள்தனம். தாத்தன் கட்டினான், அப்பன் கட்டினான். நடுவில் பருவம் மாறிவிட்டது என்பது கை உறையைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே அவர்களுக்கு மறந்துபோகும். ஹாலிஸும் விதிவிலக்கு இல்லை. காலை முழுக்கப் புல்லின்மேல் தவளையைத் துள்ளவிட்டான். ஒரு குமிழிகூட வரவில்லை. பக்கத்துப் படகுகளின் ரேடியோக்களில் கால்பந்து தொடங்கிவிட்டது. வெர்லீன் போலோனா இறைச்சி சாண்ட்விச்சைப் பிரித்தாள்.

"லொரெட்டாவை இன்னும் எத்தனை நேரம்டா நம்பப்போற?"

அவன் தவளையை அறுத்து மடியில் வைத்துக்கொண்டான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் திரும்பி, ஓடை ஏரியில் கலக்கும் பக்கத்தைப் பார்த்தான். மிக உள்ளே, ஆழமே இல்லாத கோடியில், மூன்று நாரைகள் கரையோரம் காலை ஊன்றி நின்றன. அங்கே போனார்கள். தண்ணீரில் ஒரு குஞ்சு மீன் செத்து மல்லாந்து மிதந்தது, ஷாட் என்கிற வெள்ளிப்பொடி. குளிர ஆரம்பித்தால் அது கூட்டம் கூட்டமாக ஓடைக்குள் ஏறும், பாஸ் அதன் பின்னால் ஏறும். ஹாலிஸ் அதை அள்ளி உள்ளங்கையில் வைத்தான். பக்கத்தில் பொடிசை வைத்தான். ஒரே நீளம்.

"காலையிலேயே இதைப் பாத்திருக்கணும். கண்ணு கெட்டுப்போச்சு" என்று மட்டும் சொன்னான்.

மீன்கள் வந்த விதத்தில் ஆரவாரம் எதுவும் இல்லை. பொடிசை, தண்ணீருக்குள் விழுந்து கிடந்த மரம் ஒன்றின் கிளைகளுக்கிடையே தூங்கவிடுவது போல விட்டு, மிக மெதுவாக இழுத்தான். நரம்பு லேசாகக் கனத்தது, ஈரத்துணி மாட்டியது போல. அப்படி ஐந்து முறை. கடைசி மீனைத் தூக்கும்போது வெர்லீனுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.

திரும்பும் வழியில், வளைவு வந்ததும், மோட்டார் நின்றது. ஹாலிஸ் எழுந்து பின்பக்கம் வந்தான்.

"அக்கா, நகரு. மூடியைத் தொறக்கணும்."

வெர்லீன் தன் இருக்கையை விட்டு எழுந்தாள். இரண்டு அடி நகர்ந்து, மீன்தொட்டியின் மூடிமேல் உட்கார்ந்தாள்.

"என்ன பண்ற?"

"உக்காந்திருக்கேன். காலு வலிக்குது."

"அங்க உக்காராத. எந்திரி."

"தூக்கிப் பாரு. கல்யாணத்துக்கப்புறம் என்னைத் தூக்குனவன் எவனும் இல்ல, என் புருஷனே இல்ல."

அவன் நின்றான். படகு தானாகச் சுற்றியது. துறையில் பெயர் கூப்பிடும் ஒலிபெருக்கி கேட்டது. மீன் ஒன்று உள்ளிருந்து மூடியில் மோதியது; அவளுக்கு அது உடம்பில் தெரிந்தது.

"கை நடுங்கும்க்கா."

"நடுங்கட்டும்."

"தப்பா வந்துட்டா?"

"வரட்டும். தப்பா எழுதுறவன் எழுதத் தெரிஞ்சவன்டா. லமாரு எழுதுனதை நீ பாத்ததில்ல, கோழி கிளறுன மாதிரி இருக்கும்."

"சிரிச்சாங்கன்னா, இனிமே நான் இந்தத் தண்ணிக்கு வரமாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

அவன் அப்படிச் சொன்னால் அப்படித்தான் செய்வான். லொரெட்டா போன அன்றும் இப்படித்தான் சொன்னான்; அவளோடு வாழ்ந்த வீட்டுத் தெருவுக்குள் அவன் வண்டி அதற்குப் பிறகு திரும்பியதே இல்லை. வெர்லீனுக்கு அது நன்றாகத் தெரியும். ஆனாலும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் அவன் முன்னால் போய் மோட்டாரை முடுக்கினான்.

எடைமேசையில் நெல்டா இருந்தாள், பெரிய கண்ணாடியும் சிறிய பொறுமையுமாக. வரிசையில் ஒவ்வொருவர் கையிலும் தண்ணீரும் மீனுமாகக் கனக்கும் பை. மீன் செத்தால் எடையில் பிடித்துவிடுவார்கள், அதனால் வரிசை எப்போதும் பரபரப்பாகவே நகரும். ஹாலிஸின் முறை வந்தது. பையை வெர்லீன் வாங்கிக்கொண்டாள். முழங்கை இற்றுவிடும் போலிருந்தது.

"அடேயப்பா, பையில என்ன, கன்னுக்குட்டியா?" என்றாள் நெல்டா. "சீட்டுல கையெழுத்தைப் போட்டுரு கண்ணு."

அவன் பேனாவை எடுத்தான். முள்ளின் காதில் நரம்பு கோக்கும்போது செய்வது போல நாக்கை ஓரப்பல்லில் வைத்துக்கொண்டான். இரண்டு கம்பம், நடுவில் ஒரு பலகை. நின்றான். ஒரு வட்டம். மறுபடியும் நின்றான். பையில் மீன்கள் அடித்து, வெர்லீனின் சட்டை நனைந்தது.

"என்னப்பா, உயிலா எழுதுற?" பின்னாலிருந்து லமார். "என் மீனு சாவுதுய்யா."

ஹாலிஸின் கை நின்றுவிட்டது. பேனாமுனை தாளில் ஒரு புள்ளியாக ஊறத் தொடங்கியது. வெர்லீன் திரும்பவில்லை.

"லமார், உன் மீனு செத்துச்சுன்னா நான் வந்து ஒப்பாரி வைக்கிறேன். இப்ப மூடு."

யாரோ சிரித்தார்கள், லமாரைப் பார்த்துத்தான். கை மறுபடி நகர்ந்தது. அடுத்தடுத்து இரண்டு நெட்டைக் கோடுகள். ஒரு குட்டைக் கோடு, தலையில் புள்ளி. பாம்பு போல ஒன்று. பிறகு இடம் விட்டு, குடும்பப் பெயர், அப்பா பெயரும் கல்யாணத்துக்கு முன் வெர்லீனின் பெயருமான டிட்மோர், எழுத்துக்கு எழுத்து மூச்சு வாங்கிக்கொண்டு; கடைசி எழுத்து கோட்டைத் தாண்டிச் சரிந்தது. நெல்டா சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். மற்ற சீட்டுகளைப் பார்க்கிற அதே பார்வைதான்.

"தேதி விட்டுப்போச்சு."

எண்கள் அவனுக்குத் தெரியும். எடையும் ஆழமும் அவனுக்கு எண்களில்தான். என்றாலும் பேனாவை அக்காவிடம் நீட்டினான், மறுகையால் மீன் பையை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டான்.

"அதை நீ போடு."

அவள் நனைந்த கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, அவன் பெயருக்குப் பக்கத்தில், ஒவ்வொரு எண்ணும் நேராக நிற்கும்படி எழுதினாள்: அக்டோபர் 19, 2019.