லெந்தில் வந்த லீவு

இரணியல் ஜாஸ்மிக்குப் பொய் சொல்ல வராது. வராத காரியத்தில் கைவைத்ததால்தான் இத்தனை பாடும்.

முதல் பொய் மருந்துக்கடையில். பெண்ணுறுப்பில் அரிப்பு, எரிச்சல், தயிர்த்திப்பிபோல வெள்ளைப்படுதல். ஆண்கள் நிற்கும் கடையில் அதை எப்படிச் சொல்வது? “மாமியாருக்குக் கால்ல படை” என்று களிம்பு வாங்கினாள். மூன்று நாள் தேய்த்தால் அடங்கும், நிறுத்துவாள், மறுமாதம் திரும்ப வரும். பாவம் மாமியார், அவர் காலில் ஒரு கொப்புளம்கூடக் கிடையாது.

இரண்டாவது பொய் கணவனிடம். மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக்கான ஷிஜினுக்கு இரண்டு வருடத்துக்கொருமுறை நாற்பது நாள் லீவு. போன தடவை அவன் வந்தது லெந்து நாட்களில், ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக்காலத்தில். அவளுக்கோ தொட்டாலே எரிந்தது. “லெந்து முடியட்டும், நேர்ந்திருக்கேன்” என்று நாற்பது நாளும் தள்ளிப் படுத்தாள். ஈஸ்டருக்கு முந்தின நாள் அவனுக்கு விமானம். வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில் சட்டை மடிக்கும்போதெல்லாம் அவன் தோள் நினைவு வந்துவிடும். அப்படி ஏங்கினாள்.

கடைசியில் நாகர்கோவிலில் ஒரு பெண் டாக்டரிடம் போனாள். அவர் பரிசோதித்தார், சுகரும் பார்த்தார்.

“அரிப்பு நின்னதும் மருந்த நிறுத்திட்டீங்க, இல்லியா? இது பூஞ்சை. நீங்க ஒரு தப்பும் செய்யல.”

முதல் வாரம் மூன்று மாத்திரை, பிறகு ஆறு மாதம் வாரம் ஒன்று. “வெளிநாட்டுல புது மாத்திரைகளும் வந்திருக்கு. பிள்ளை வேணும்னு இருக்கவங்களுக்கு அது ஆகாது. இதுலயும் முடியுறவரை கர்ப்பம் ஆகாமப் பாத்துக்கணும்.”

“ஆளு மஸ்கட்டுல இல்லியா இருக்கு, டாக்டர்!” சிரித்தவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

பத்து ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து ஒவ்வொன்றாக விழுங்கினாள். அரிப்பு எட்டிப் பார்க்கவில்லை. அப்போதுதான் ஷிஜின் ஃபோனில் சொன்னான்: “இந்தத் தடவ லீவு வேண்டாம்னு எழுதிக் குடுக்கப் போறேன். அங்க வந்து என்ன செய்ய?”

ஜாஸ்மி மருந்துக்கடைக் களிம்பு முதல் டாக்டர் சொன்னது வரை ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள்.

ஷிஜின் கேட்டது ஒன்றுதான்: “ஏட்டி, அப்போ என்னய உனக்குப் பிடிக்காமப் போகலியா?”

இரண்டு வருடமாக இதைத்தானா சுமந்துகொண்டிருந்தான்!

“உங்களயே நெனச்சிட்டுல்லா கெடக்கேன்.”

“இனி எத்தன மாத்திரை கெடக்கு?”

“பதினாறு.”

“பதினேழாவது ஞாயிறு நான் அங்க இருப்பேன்.”