மூன்று இடத்தில் இருந்த படம்

1. கானல்

பாலைவனத்தில் முதல் நாள் நான் எடுத்த இருநூற்றுச் சொச்சம் படங்களில் ஒன்றுகூடத் தேறவில்லை. இலங்கை மலைநாட்டில், ஹட்டனில் இருபத்தாறு வருடம் ஸ்டூடியோ நடத்தியவன் நான். கல்யாணம், சடங்கு, கோயில் திருவிழா என்று எதையும் கோட்டை விட்டதில்லை.

என்னை அங்கே கூட்டிப் போனவர் நுவரெலியா பஸாரில் கடை வைத்திருக்கும் ஒரு முதலாளி. பறவைப் படம் என்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். கொத்மலைப் பக்கம் கட்டிக்கொண்டிருந்த கெஸ்ட் ஹவுஸ் சுவரில் சொந்தப் படங்களைத்தான் மாட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டார். அதற்காக ராஜஸ்தானில் ஜெய்சால்மருக்கு அப்பால் இருக்கும் பாலைவனத் தேசியப் பூங்காவுக்கு ஒரு வாரம். லென்ஸ் துடைப்பது, பெட்டரி சார்ஜ் பண்ணுவது, இரண்டாவது கெமராவில் எடுப்பது, சாயங்காலம் கார்டில் இருக்கும் படங்களை லெப்டொப்பிலும் ஹார்ட் டிஸ்கிலும் கொப்பி பண்ணுவது எல்லாம் என் வேலை.

எங்கள் மலையில் காத்திருப்பதுதான் தொழில். மூடுபனி விலகும்வரை நின்றால் படம் கிடைக்கும். அதே பழக்கத்தில் அங்கேயும் நின்றேன். பத்து மணிக்கெல்லாம் தரையிலிருந்து சூடு கிளம்பி லென்ஸுக்கு முன்னால் காற்று நெளிந்தது. தூரத்தில் நடந்த கானமயில் என்ற பெரிய பறவை படத்தில் உருகிய மெழுகு மாதிரி விழுந்திருந்தது. ஃபோகஸ் பிழை என்று நினைத்து மறுபடி மறுபடி எடுத்தேன். எங்கள் வழிகாட்டி பன்வர் அந்த ஊர்க்காரர். எனக்கும் அவருக்கும் இருந்தது உடைந்த இங்கிலிஷ் மட்டும். வெயில் ஏறிவிட்டால் பெரிய லென்ஸைப் பையில் போட்டுவிட வேண்டும், இங்கே காத்திருந்தால் படம் கெட்டுத்தான் போகும் என்று அவர் சொல்லித்தான் எனக்கு விளங்கியது.

2. கை

இரண்டாம் நாள் விடியும்போதே கிளம்பினோம். அந்தப் பூங்காவுக்குள் ஊர்களும் இருக்கின்றன. ஆடு மேய்க்கிறார்கள், கிணற்றில் தண்ணீர் இறைக்கிறார்கள். ஒரு வன்னி மரத்தடியில் ஆடுகளோடு ஒரு பெண் நின்றார். ஐம்பது வயது இருக்கும். பின்னால் சூரியன் அப்போதுதான் எழும்பி, ஆடுகள் கிளப்பிய புழுதி முழுவதும் பொன் நிறம். ஜீப்பில் இருந்தபடியே நான் எடுத்தேன். அவர் கையைத் தூக்கினார். கை காட்டுகிறார் என்று நினைத்து மேலும் நாலு எடுத்தேன்.

மத்தியானம் கூடாரத்தில் அதை லெப்டொப்பில் பார்த்த முதலாளி என் தோளில் தட்டினார்.

"செல்வராஜு, இதாம்பா படம். வரவேற்பறையில ஆளுயரத்துக்கு இத மாட்டிருவோம்."

படத்தைப் பெரிதாக்கினேன். உள்ளங்கை எங்களைப் பார்த்து விரிந்திருந்தது. முகத்தைத் திருப்பியிருந்தார். முக்காடு பாதி இழுபட்டு நின்றது. பன்வர் எட்டிப் பார்த்து, அந்தப் பெண் வேண்டாம் என்கிறார் என்றார். பன்வருக்குக் காலையிலேயே தெரிந்திருக்கிறது. முதலாளியிடம் சொல்லத் தயங்கியிருக்கிறார்.

மூன்றாம் நாள் அதே பாதையில் அந்தப் பெண்ணைப் பார்த்ததும் ஜீப்பை நிறுத்தச் சொன்னேன். பன்வரையும் கூட்டிக்கொண்டு இறங்கிப் போய்க் கெமராவில் படத்தைக் காட்டினேன். நிதானமாகப் பார்த்தார். அழிக்கச் சொன்னார். அவர் கண்முன்னால் ஐந்து படத்தையும் அழித்தேன். பிறகு அவர் கேட்டதை பன்வர் மொழிபெயர்த்தார்: இது வேறு எங்கேயாவது இருக்கிறதா?

அவருடைய இடுப்பில் ஒரு கைபேசி செருகியிருந்தது. ஒரு படம் ஒரு இடத்தில் மட்டும் இருக்காது என்று தெரிந்துதான் கேட்டார். ஜீப்பில் முதலாளி உட்கார்ந்திருந்தார்.

"நோ" என்று சொல்லிவிட்டேன்.

அவர் தலையாட்டிவிட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார்.

3. மிச்சம் இரண்டு இடம்

அன்றைக்கு எனக்கு வேலை ஓடவில்லை. நரிக் குட்டிகள் வளைக்கு வெளியே வந்து விளையாடியதைக்கூட சும்மா எடுத்துத் தள்ளினேன். மத்தியானம் சாப்பிட்டதும் முதலாளியிடம் சொன்னேன்.

"மொதலாளி, அந்தப் படத்த லெப்டொப்லயும் டிஸ்க்லயும் அழிச்சிருவோங்க. வேற எங்கயும் இல்லன்னு அந்தம்மாகிட்ட சொல்லிட்டேன்."

"யாரக் கேட்டுச் சொன்ன? அவ என்ன கொத்மலைக்கா வந்து பாக்கப் போறா?"

எங்கள் அம்மாவைப் பற்றி நான் அதுவரை யாரிடமும் பேசியதில்லை. அன்றைக்குச் சொன்னேன். அம்மா இறம்பொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். ஒரு மழை நாளில் கொழுந்தின் நிறை குறைந்தது என்று கங்காணி எல்லார் முன்னிலையிலும் ஏசியிருக்கிறார். அழுத முகத்தோடு அம்மா மலையில் நின்றபோது ரோட்டில் காரை நிறுத்தி யாரோ படம் எடுத்துப் போயிருக்கிறார்கள். சில வருடம் கழித்து அது ஒரு ஹோட்டல் நடையில் தொங்கியது. அங்கே ரூம் சுத்தம் பண்ணிய என் மாமா மகன் பார்த்துவிட்டு வந்து நாங்கள் குடியிருந்த லயத்தில் சொன்னான். நான் போய்ப் பார்த்தேன். அம்மா அழுத முகம் அதில் சிரிக்கிற மாதிரித்தான் தெரிந்தது. கழற்றச் சொல்ல எனக்குத் துணிவில்லை. "ஒன்ன அங்க உள்ளுக்கு விட்டாங்களா?" என்று மட்டும் அம்மா கேட்டார்.

முதலாளி லெப்டொப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஒங்கம்மா கதை வேற, இது வேற. இந்த மாதிரி படம் இன்னொன்னு எனக்குக் கெடைக்குமா, சொல்லு."

"கெடைக்காதுங்க."

"தெரிஞ்சுதான் கேக்குறியா?"

"ஆமாங்க."

லெப்டொப்பை என் பக்கம் தள்ளினார். "நீயே அழி. ஆனா ஊருக்குப் போனதும் ஒன் வழியப் பாத்துக்க."

இரண்டு இடத்திலும் அழித்தேன். என் வாழ்நாளில் நான் எடுத்த படங்களில் அதைவிட நல்ல வெளிச்சம் எதிலும் விழுந்ததில்லை.

மீதி நாட்களில் முதலாளி என்னோடு வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசினார். ஊருக்கு வந்தபின் கூப்பிடவில்லை. அவருடைய மகள் கல்யாணத்துக்குக் கண்டியிலிருந்து ஒரு ஆள் வந்து படம் எடுத்தார். வருத்தம் இருந்தது. நல்ல மனிதர்தான். அழிக்க விடாமலும் இருந்திருக்கலாம் அல்லவா?

4. கேட்பது

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு அப்பர்ச்சர், ஷட்டர் எல்லாம் கெமராப் பெட்டியோடு வரும் புத்தகத்தில் இருக்கிறது. என்னிடம் சொல்ல இருப்பது ஒன்றுதான். ஒருவரிடம் கேட்பதென்றால், அவர் வேண்டாம் என்று சொன்னால் கெமராவை இறக்கத் தயாராக இருக்க வேண்டும். அப்படி இல்லாவிட்டால் கேட்பதில் அர்த்தமில்லை.

போன மாதம் றொசல்லப் பக்கம் ஒரு தோட்டத்தில் டூரிஸ்ட் கம்பனிக்காக ஒரு வேலை. மலையில் நின்ற பெண்களிடம் போய்க் கேட்டேன். "இன்னைக்கு வேணாங்க, அட்டை கடிச்சு ரத்தமா இருக்கு" என்றார்கள். தேயிலை மலையை மட்டும் எடுத்துக் கொடுத்தேன்.

கம்பனிக்காரப் பையன் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். "என்னங்க, ஆளே இல்லாம இருக்கு?"

"கேட்டேன் தம்பி. வேணாம்னாங்க."

"சரிங்க, அதுக்கு?"

"அவ்வளவுதான் தம்பி."