ஸ்வாப் என்றார்

திருமுல்கேரியில் எனக்குக் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை. முகூர்த்த மாதத்தில் கம்ப்யூட்டர் நின்று நின்று போகவே, சரிபார்க்க ஒருவர் வந்தார். குறுந்தாடி, நெற்றிக்கு ஏற்றிய கண்ணாடி. என்டர் தட்டுமுன் ஒவ்வொரு முறையும் விரலைத் தூக்கிக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பார். திருட்டு முழியோ என்று தோன்றியது.

“ரேம் பத்தலண்ணா. ஸ்வாப் போடுறேன்.”

ஒன்பதாவதோடு நின்ற எனக்கும் ஸ்வாப் என்றால் மாற்றுவது என்று தெரியும். நல்ல பாகத்தைக் கழற்றிப் பழசை மாட்டிவிடுவாரோ?

“எதை எடுத்துட்டு எதை வைப்பீங்க?”

உருது கலந்த தமிழில் சொல்லிச் சிரித்தார். “கைக்குண்ணா, ஏன் டென்ஷன்? கழட்டவும் நக்கோ, டிஸ்க்கைப் பிரிக்கவும் நக்கோ, எதுவும் வேணாம். உள்ளயே ஒரு பெரிய ஃபைல் போட்டு, ரேம் நிறைஞ்சா மிச்சத்தை இதுல வச்சுக்கன்னு சொல்லிடுவேன்.” தன் ஸ்க்ரூ டிரைவர் பையை என் மடியில் வைத்தார். “இத நீங்களே புடிச்சிக்கங்க.”

அவர் போனபின் கம்ப்யூட்டர் நிற்காமல் ஓடியது. ஆனாலும் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். திருகுகளின் மேல் தூசி கலையவில்லை. அவர் பையும் என்னிடமே தங்கிவிட்டது. பதறிப் போன் செய்தேன்.

“அங்கயே இருக்கட்டும்ணா. அடுத்த தடவையும் புடிச்சிக்க வேணும்ல?”

கோபமா, கேலியா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.