நோன்பு மாதத்தில் ஒரு பகல் சாப்பாடு

கல்முனையில் கணிதம் படிப்பிக்கும் சேரின் வீட்டு வளவுக்குள், தகரக் கூரை போட்ட கொட்டில்தான் எங்கள் டியூசன் வகுப்பு. சனிக்கிழமைகளில் காலை தொடங்கினால் பின்னேரம்தான் முடியும். மருதமுனையிலிருந்து நானும் மாமாவின் மகளும் சைக்கிளில் போவோம். அவள் எனக்கு மச்சி முறை. வழியில் பாண்டிருப்பில் ஒருத்தி எங்களோடு சேர்ந்துகொள்வாள். வகுப்பில் எங்கள் முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்கு நடுவில் அவள் மட்டும்தான் இந்துப் பிள்ளை.

அந்த வருடம் நோன்பு, மேற்கிலிருந்து வறண்ட கச்சான் காற்று வீசும் காலத்தில் வந்தது. பகல் இடைவேளையில் நாங்களெல்லாம் மேசையில் தலையைச் சாய்த்துக் கிடப்போம். அவள் சத்தமில்லாமல் சோற்றுப் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போவாள். "நல்ல புள்ள, நம்மட நோன்ப மதிக்கிறா" என்று பிள்ளைகள் சொல்லிக்கொண்டார்கள். எனக்கும் அது சரியாகவே பட்டது. மதித்தால் நல்லவள், மதிக்காவிட்டால் கெட்டவள். பதினான்கு வயதில் என் உலகம் அவ்வளவு லேசாகத்தான் இருந்தது.

ஒரு சனிக்கிழமை யன்னலால் பார்த்தேன். மதில் ஓரம் வெயிலில் குந்தியிருந்தாள். காற்று மண்ணை அள்ளிக்கொண்டு வர, முதுகைக் காட்டி ஒரு கையால் பெட்டியை மூடிக்கொண்டு மறு கையால் சாப்பிட்டாள். வாயில் மண் கடிபட்டிருக்க வேண்டும், திரும்பித் துப்பினாள்.

"நோன்பு நமக்குத்தானே, அவ ஏன் வெயில்ல இரிக்கணும்?" என்று மச்சியிடம் கேட்டேன்.

"அவ தானாத்தான் போறா. நாம போகச் சொல்லல்லயே."

"வரச் சொல்லவும் இல்லயே."

மச்சி தலையை மறுபடி மேசையில் சாய்த்துக்கொண்டாள். எல்லோரும் சரி என்று சொன்ன ஒன்றை நானே யோசித்துத் தவறு என்று கண்டுபிடித்தது அதுதான் முதல் தடவை. உடம்பெல்லாம் ஒரு வேகம். எழுந்து வாசலில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி, "உள்ளுக்கு வந்து சாப்பிடு புள்ள" என்று கூப்பிட்டேன்.

வந்தாள். மூலையில் இருந்து பெட்டியைத் திறந்தாள். கத்தரிக்காய்க் கறியின் வாசம் கொட்டில் முழுக்கப் பரவியது. யாரோ தலையில் போட்டிருந்த தட்டத்தால் மூக்கை மூடினார்கள். அவள் ஒரு வாய் வைத்துவிட்டுப் பெட்டியை மூடினாள்.

பின்னேரம் சைக்கிளை உருட்டிக்கொண்டு வரும்போது அவள் எங்களை விட்டு முன்னால் நடந்தாள். எட்டிப் பிடித்துக் கேட்டேன்.

"கோவமா?"

"கூப்பிட முதல் என்னட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்தானே" என்றாள். "நீங்க எல்லாரும் தண்ணி கூடக் குடியாம இருக்கக்குள்ள எனக்கு எப்பிடிக்கா சோறு இறங்கும்? நான் வெளிய போறது உங்கட நோன்புக்காக மட்டும் இல்ல. எனக்கே அது ஏலாது."

எனக்கு முகம் சுருங்கிப்போனது. அவளுக்காக அவ்வளவு யோசித்த நான், அவளுக்கும் யோசனை இருக்கும் என்று யோசித்திருக்கவில்லை. கொஞ்சத் தூரம் போன பிறகு, "அப்ப உனக்கு என்ன வேணும்?" என்றேன்.

"மண் விழாத இடம் ஒண்டு. அவ்வளவுதான்."

"சேர்ட வீட்டுக் குசினியில இரிக்கலாமா எண்டு கேக்கவா?"

"ஓம், கேளு. ஆனா மெல்லமாக் கேளு" என்றாள்.

அடுத்த கிழமை சேரின் மனைவியிடம் தனியாகப் போய்க் கேட்டேன். அவரும் நோன்புதான். "மகள், இத ஏன் நீ முதல் நாளே சொல்லல்ல?" என்றபடி பகலில் அடுப்பு மூட்டாத குசினியின் கதவைத் திறந்துவிட்டார். பெருநாள் வரை அவள் அங்கேதான் சாப்பிட்டாள். அவள் சாப்பிடுகிற நேரம் அவர் முன்னறைக்குப் போய்க் குர்ஆன் ஓதிக்கொண்டிருப்பார்.

அதற்குப் பிறகு வீடு திரும்பும் வழியெல்லாம் எங்கள் மூவருக்கும் வழக்குத்தான். கூட்டாளி செய்த பிழையைச் சேரிடம் சொல்வது சரியா? பாவம் பார்த்துச் சொன்ன பொய்யும் பொய்தானா? பாண்டிருப்புச் சந்தியில் சைக்கிளை நிறுத்தி, மஃரிபுத் தொழுகைக்கு நேரமாகிறது என்று மச்சி என் கையைப் பிடித்து இழுக்கும் வரைக்கும் கதைப்போம். பெரும்பாலும் முடிவு வராது. அப்படி ஆறுதலாக நின்று ஒருவரோடு ஒருவர் மல்லுக்கட்டிய பின்னேரங்கள் பிறகு எனக்குக் கிடைக்கவில்லை.

பாண்டிருப்புக்காரி இப்போது திருக்கோவிலில் ஆசிரியை. போன கிழமை போன் எடுத்தாள். அவளுடைய மூத்த மகள் எதைச் சொன்னாலும் "ஏன்?" என்று மறித்துக் கேட்கிறாளாம்.

"அவள் கேக்கிறதிலயும் நியாயம் இருக்குகா. அதாலதான் எனக்கு இன்னும் கோவம் வருது" என்றாள்.

சந்தியில் நின்று நாங்கள் மல்லுக்கட்டியது நினைவுக்கு வர, இரண்டு பேரும் நெடுநேரம் சிரித்தோம்.